நான் பிறந்ததற்குச் சாட்சி

டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் எதிர்வீட்டிலேயே ஓர் அரசிதழ் அதிகாரி இருந்தார். இருந்தும், மார்க் ஷீட் நகலில் ‘உண்மை நகல்’ என்று கையெழுத்து வாங்க எங்கள் பிளாக் பிள்ளைகள் எல்லோரும் வெயிலில் மூன்று பிளாக் தள்ளித்தான் போவோம். அங்கே இருந்த அதிகாரி பல் தேய்த்துக்கொண்டே பத்துக் கையெழுத்துப் போடுவார். எதிர்வீட்டு மாமா அப்படியில்லை. ஒரிஜினலையும் நகலையும் அருகருகே வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியோடு எழுத்தெழுத்தாக வாசிப்பார். ஒரு முறை சோம்பேறித்தனத்தால் என் பத்தாம் வகுப்புச் சான்றிதழை அவரிடமே கொண்டுபோனேன். இருபது நிமிஷம் பார்த்தார்.

“நகல்ல ஒரு கொறையும் இல்ல பிள்ள. ஒரிஜினல் மேலதான் எனக்குச் சந்தேகமா இருக்கு” என்றார்.

பள்ளிக்கூட முத்திரை கொஞ்சம் மங்கலாக விழுந்திருந்ததாம்.

மேல்வீட்டு மதுரைக்காரப் பையன் பட்டது இதைவிட மோசம். பாங்க் பரீட்சைக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டுப் போயிருக்கிறான். ‘இவரை எனக்கு மூன்று வருடங்களாகத் தெரியும்’ என்று படிவத்தில் அச்சாகவே இருந்தது. மாமா மூடிய பேனாவைத் திறக்கவேயில்லை.

“நீ இங்ஙன குடி வந்து ரெண்டு வருஷம் எட்டு மாசந்தானடே ஆவுது. நாலு மாசம் கழிச்சு வா.”

“மாமா, அடுத்த வாரம் கடைசி நாளு.”

“அதுக்கு நான் என்ன செய்ய? ஒன்ன எனக்கு மூணு வருஷமா தெரியாதே.”

அவன் அழாத குறையாக மூன்று பிளாக் தள்ளிப் போனான். பல் தேய்க்கிறவருக்கு அவனை மூன்று நிமிஷமாகக்கூடத் தெரியாது. கையெழுத்து கிடைத்துவிட்டது.

மாமா மத்திய அமைச்சகம் ஒன்றில் குடும்ப ஓய்வூதியப் பிரிவில் செக்‌ஷன் ஆபீசர். செத்துப்போன ஊழியருக்கு யார் உண்மையான வாரிசு, யார் வாரிசு என்று சொல்லிக்கொண்டு வந்தவர் என்று பிரித்தெடுப்பதுதான் வேலை. முப்பது வருஷம் அதையே செய்தவர், தன் கண்ணால் பார்க்காத எதையும் எழுதமாட்டார். தன் பேரைத் தவிர வேறு எதையும் நம்பிக் கையெழுத்துப் போடமாட்டார் என்று அத்தை, அதாவது அவர் மனைவி, சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. இடைக்கால இங்கிலாந்தில் கவசமும் குதிரையுமாகத் திரிந்த பிரபுக்கள், ‘நைட்’ என்று பட்டம் வாங்கியவர்கள், அவர்களுடைய குடும்ப வரலாறு. தரியாகஞ்ச் நடைபாதைக் கடையில் எடை போட்டு வாங்கிய ஒரு தடிப் புத்தகத்தில் ஆரம்பித்ததாம். அட்டையும் முதல் முப்பது பக்கமும் இல்லாததால் அந்தப் புத்தகத்தின் பெயர் அவருக்கே தெரியாது. யார் யாருக்குப் பிறந்தான், யார் யாரைக் கட்டினான், நிலம் யார் கைக்குப் போனது என்பதைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லை. சண்டை வந்தால் ஒரு வரி. கல்யாணம் வந்தால் ஒரு பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பழைய ஆபீஸ் ரெஜிஸ்டர்களின் பின்பக்கத்தில் வம்சக்கொடி வரைவார். ஒரு குடும்பத்தில் அப்பா வில்லியம், மகன் வில்லியம், பேரன் வில்லியம். தாத்தா பேரை வைக்கும் வழக்கம் அங்கேயும் இருந்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம். குழப்பம் வராமலிருக்க திருநெல்வேலி முறைப்படி பட்டப்பெயர் வைத்துவிட்டார்: நொண்டி வில்லியம், ஜெயிலுக்குப் போன வில்லியம், மூணு பொண்டாட்டி வில்லியம்.

“மூணு பொண்டாட்டி வில்லியம் செத்ததும் ரெண்டாம் தாரத்துப் பிள்ளைக்கும் மூணாம் தாரத்துப் பிள்ளைக்கும் கேஸு. நாப்பது வருஷம் இழுத்திருக்கானுவ பாத்துக்க. நம்ம செக்‌ஷனுக்கு வந்திருந்தா ஆறு மாசத்துல முடிச்சிருப்பேன்” என்பார்.

காய்கறி வாங்கப் போகும் வழியில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்த என் அம்மா, வில்லியம் என்பது ஆபீசில் கூட வேலை பார்க்கும் யாரோ ஒரு கிறிஸ்தவர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். பாவம், அந்த மனுஷன் குடும்பத்துக்கு இத்தனை கஷ்டமா என்று ஒருநாள் அப்பாவிடம் வருத்தப்பட்டாள்.

கேடயத்தில் சின்னம் போடுவதிலும் அந்த ஊரில் வரிசை உண்டாம். மூத்த மகன் அப்பாவின் சின்னத்தின் மேல் ஒரு பட்டை போடுவான். இரண்டாமவன் பிறை. மூன்றாமவன் நட்சத்திரம். மாடியில் சர்மாஜிக்கு மூன்று பையன்கள். மாமா அவர்களைப் பட்டை, பிறை, நட்சத்திரம் என்றே கூப்பிடுவார். தமிழ் தெரியாத அந்தப் பையன்களும் பதில் சொல்வார்கள். நட்சத்திரம் இப்போது குர்கானில் பெரிய வேலையில் இருக்கிறான், மெட்ரோவில் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு அவன் சொந்தப் பெயர் ஞாபகம் வருவதில்லை.

ஆனால் நைட்டுகளுக்கும் மாமா சலுகை காட்டவில்லை. பின்னாளில் பணம் சேர்த்த குடும்பங்கள், தங்கள் மூதாதை முதல் ராஜாவோடு கடல் தாண்டி வந்தவன் என்று ஆள் வைத்து எழுதி வாங்கிக்கொள்வார்களாம். அப்படி ஒன்று அகப்பட்டால் மாமாவுக்குக் கை துறுதுறுக்கும். சிவப்புப் பென்சிலால் ஒரே கோடு. நாலு தலைமுறை காலி.

“இவன் அப்பன் வெறும் கம்பளி யாவாரி. ஊருக்குப் போவாமலே போனேன்னு எல்.டி.சி. பில்லு வைக்கானுவல்லா, அது மாதிரிதான் இதுவும்.”

“அவனெல்லாம் செத்து அறுநூறு வருஷம் ஆச்சு. இவரு இங்ஙன ஒக்காந்து அவனுக்கு மெமோ கொடுக்காரு” என்பாள் அத்தை.

நான் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய வருஷம் அப்பா ஆபீசிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஒரே பெண் நான். ஆபீசில் கருணை அடிப்படையில் எனக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். வேலை கிடைத்தால் குவார்ட்டர்ஸும் எங்களிடமே இருக்கும். ஒரே நிபந்தனை, வீட்டைக் காலி செய்யவேண்டிய தேதிக்குள் எனக்குப் பதினெட்டு முடிந்திருக்க வேண்டும்.

முடிந்துதான் இருந்தது. ஆனால் காகிதத்தில் பதினேழு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா என் வயதில் ஒரு வருஷத்தைக் குறைத்துக் கொடுத்திருந்தார். பிற்காலத்தில் நான் அரசாங்க வேலைக்குப் போனால் ரிட்டயராவதற்கு ஒரு வருஷம் கூடுதலாகக் கிடைக்குமாம். மூன்று வயதுக் குழந்தையின் ரிட்டயர்மெண்டைப் பற்றிக் கவலைப்படுவது டெல்லித் தமிழ் குமாஸ்தாக்களால் மட்டுமே முடிந்த காரியம். நான் மழை நாளில் வீட்டிலேயே பிறந்ததால் ஆஸ்பத்திரிப் பதிவும் கிடையாது. பிறப்பைப் பதிய அப்பா போகவேயில்லை. அவர் எனக்காகச் சேமித்துவைத்த ஒரு வருஷம் எங்களைத் தெருவில் நிறுத்தப் பார்த்தது.

மாமாவுக்கு ஆறுதல் சொல்ல வராது. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் வந்து உட்கார்ந்து, “பிள்ளைக்கு எந்த வருஷம்?” என்றுதான் கேட்டார். அம்மா அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள்.

“எல்லாரும் செய்யுததுதாம்மா. ஆனா செய்யுதவன் பாதியில சாகக்கூடாது” என்றார்.

பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. துக்க வீட்டில் அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொள்ளலாமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. விஷயம் என்னவென்றால், அவருடைய நைட்டுகள் வீட்டிலும் இதே கேஸ்தானாம். அப்பன் செத்து வாரிசு மைனராக இருந்தால் நிலம் ராஜாவின் கைக்குப் போய்விடும். வயது வந்துவிட்டது என்று நிரூபித்தால்தான் திரும்பும். பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்றே இல்லாத காலம். அதனால் ஊர்க்காரர் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளை பிறந்த நாள் உனக்கு எப்படி ஞாபகம் என்று கேட்பார்களாம். அன்றைக்கு என் வீடு எரிந்தது என்பான் ஒருவன். அன்றைக்கு என் அப்பனைப் புதைத்தேன் என்பான் இன்னொருவன். அன்றைக்கு விழுந்து கால் ஒடிந்தது என்பார்கள் பல பேர்.

“நீ அங்ஙன பொறந்திருந்தா பொம்பளப் பிள்ளைக்குப் பதினாறே போதும். ஆனா ஒன்ன எவனுக்குக் கட்டணும்னு ராஜா ஏலம் விட்டிருப்பான்.”

“அதுக்கு இதுவே தேவலாம்” என்றாள் அம்மா. அப்பா போனபின் அவள் முதல் முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

தாமதமாகப் பிறப்பைப் பதிய மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வேண்டும். அந்த உத்தரவு வந்தால் ஆபீசில் ஏற்றுக்கொள்வார்கள். உறவில்லாத இரண்டு சாட்சி போதும் என்று மாஜிஸ்ட்ரேட் ஆபீஸ் குமாஸ்தா சொன்னார். மாமா கேட்கவில்லை. பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான் என்று காலனி முழுக்கச் சொல்லியனுப்பினார். அப்பாவுக்கு நல்ல பெயர். பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மாமா வீட்டு ஹாலில் எல்லோரும் ஜமக்காளத்தில் உட்கார, ஒவ்வொருவரையும் அவர் தனித்தனியே கேட்டுப் பதிவு செய்தார். கீழ்வீட்டு சர்தார்ஜிதான் முதல்.

“உஸி தின் மேரா ஸ்கூட்டர் சோரி ஹுவா தா ஜி” என்றார், அன்றைக்குத்தான் என் ஸ்கூட்டர் திருடுபோனது என்று. மாமா போலீஸ் புகாரின் நகலைக் கேட்டார். சர்தார்ஜி பெருமையாக எடுத்துவந்தார். தேதி மூன்று வருஷம் பிந்தியது. அடித்தார் ஒரு கோடு.

சர்மாஜியின் மனைவி, அன்றைக்கு மொட்டைமாடியில் ஊறுகாய் காயவைத்திருந்தேன், குரங்கு ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றாள். டாக்ஸி வரமுடியாத அளவுக்கு மழை கொட்டிய நாளில் ஊறுகாய் எப்படிக் காய்ந்தது என்று மாமா கேட்டார். இரண்டாவது கோடு. மலை மந்திர் முருகன் கோவிலில் அன்றைக்கு ஆடிக் கிருத்திகை, நான் காவடி எடுத்தேன் என்றார் மூன்றாமவர். மாமா பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தார். கிருத்திகை பத்து நாள் முன்னாடியே முடிந்திருந்தது. முருகனை நம்பி வந்தவரையும் விடவில்லை.

அதற்குப் பின் வந்தவர்களில் நான்கு பேருக்கு அன்றைக்குக் கால் ஒடிந்திருந்தது. நான்கு பேரும் ஒரே மாடிப்படியில். இங்கிலாந்துக் கதையை ஊர் முழுக்கச் சொன்னது மாமாவேதான் என்பதால் அவரால் அவர்களைத் திட்டவும் முடியவில்லை. மிச்சப் பேர் நான் பிறந்தபின் மாற்றலாகி வந்தவர்கள். அரசாங்கக் காலனியில் பதினெட்டு வருஷம் யார் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்?

தேறியது ஒரே ஒருவர், பின் பிளாக்கில் இருந்த நாகர்கோவில் சிஸ்டர். ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைப் பிரசவம் பார்த்தவளே அவள்தான்.

“எனக்கு நல்லா ஓர்ம இருக்கு மக்களே. இவ அப்பா கொடையும் பிடிச்சிட்டு என்னக் கூப்பிட ஓடி வந்தாரு. சாயங்காலம் நாலு மணிக்கு இவ பொறந்தா” என்றாள். டியூட்டி டைரியில் லீவு போட்ட தேதியையும் வைத்திருந்தாள். மாமா அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, முதல் முறையாக ‘சரி’ என்று எழுதினார்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. “எல்லாரும் எங்க நல்லதுக்குத்தானே சொல்றாங்க. பதினோரு பேரையும் இப்படி அடிச்சுட்டீங்களே” என்றாள்.

“நல்லதுக்குச் சொன்னாலும் பொய்யிம்மா. நாளைக்கு எவனாவது மொட்டைக் கடுதாசி போட்டா வேலையும் போவும், வீடும் போவும்.”

இரண்டாவது சாட்சிக்காக அவர் அலைந்த அலைச்சலை நான் பார்த்தேன். மாற்றலாகிப் போன பழைய அண்டைவீட்டுக்காரர்களுக்கு போபாலுக்கும் கௌஹாத்திக்கும் கடிதம் எழுதினார். எல்லோரும் தேதி ஞாபகம் இல்லை என்றார்கள். கடைசியில் அப்பா ஆபீசில் பியூனாக இருந்து ரிட்டயரான ஒரு கட்வால் மலைக்காரர் பக்கத்து முனிர்காவில் அகப்பட்டார். நான் பிறந்த அன்று அப்பாவுக்கு ஆபீசிலிருந்து ஃபைல் கொண்டுவந்தவர், குழந்தை அழும் சத்தத்தைக் கேட்டவர். வருகிறேன் என்று சத்தியம் செய்தார்.

விசாரணை நாளன்று அவர் வரவில்லை. ஊரில் அண்ணன் செத்துப்போய், முந்தின நாள் பஸ்ஸிலேயே மலைக்குப் போய்விட்டாராம். அம்மா, நான், சிஸ்டர், மாமா, அத்தை ஐந்து பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வீட்டைக் காலி செய்ய இன்னும் ஒன்பது நாள். அடுத்த விசாரணை ஒரு மாதம் கழித்துத்தான் என்று குமாஸ்தா முன்பே சொல்லியிருந்தார்.

மாஜிஸ்ட்ரேட் இளம்வயதுப் பெண். சிஸ்டர் சொன்னதைக் குறித்துக்கொண்டு, இரண்டாவது சாட்சி எங்கே என்றாள். அப்போது மாமா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

“ஆப் உஸ் தின் வஹாங் தே?” அன்று அங்கே இருந்தீர்களா என்று கேட்டாள்.

“ஜி” என்றார் மாமா.

பிறகு தன்னுடைய ஆண்பால் பெண்பால் பிசகும் ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார். மழை. டாக்ஸி வரவில்லை. இவளுடைய அப்பாவோடு நானும் சிஸ்டரைக் கூப்பிடப் போனேன். வரும் வழியில் காற்றில் என் குடை முறிந்துபோனது. மறுநாள் தொப்பலாக நனைந்து ஆபீசுக்குத் தாமதமாகப் போனதில் அரைநாள் கேஷுவல் லீவைக் கழித்துவிட்டார்கள். தேதி அதனால்தான் மறக்கவில்லை. மாஜிஸ்ட்ரேட்டும் அரசாங்க ஊழியர்தானே, அரைநாள் லீவு போன துக்கம் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். ஒரு காகிதத்தை மூன்று முறை வாசிக்கும் மனிதர், வாசிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். அம்மா என் கையை நொறுக்கிவிடுகிற மாதிரிப் பிடித்தாள். ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா எங்களுக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஆஷ்ரம் பஸ் நிறுத்தம் தாண்டியதும் அத்தை அம்மாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமலேயே சொன்னாள்.

“அந்த வருஷம் நாங்க ஜபல்பூர்லல்லா இருந்தோம். இவ நடக்க ஆரம்பிச்ச பெறவுதான இங்ஙன வந்தோம்.”

நினைவு தெரிந்த நாளாக எதிர்வீட்டில் இருந்தவர், அதற்கு முன்னாலும் அங்கேயேதான் இருந்திருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவனின் பொய்யைக்கூடப் பொறுக்காத மனிதர் எனக்காக இதைச் செய்துவிட்டார் என்பதில் சந்தோஷப்படுவதா, அவரைப் பார்த்துப் பாவப்படுவதா என்று தெரியாமல் விழித்தேன். அவர் பிடரி சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினார்.

“ஏ பிள்ள. நாளைக்கு நீயும் ஆபீசுக்குப் போவ. ஒங்கிட்டயும் வந்து கையெழுத்துக் கேப்பாவ. கண்ணால பாக்காததுக்குப் போடாத.”

“சரி மாமா.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த நிறுத்தம் வரைக்கும் யோசித்திருப்பார் போலிருக்கிறது.

“போட்டாலும் சர்வீஸ்ல ஒரு தடவைக்கு மேல போடாத” என்றார்.

எனக்கு வேலை கிடைத்தது, வீடும் நின்றது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது பென்ஷன் செக்‌ஷனில் நானும் கறார் பேர்வழி என்றுதான் பெயர். போன மாதம் ஓர் அம்மாள் ஃபைலைக் கட்டிக்கொண்டு வந்து என் மேசைக்கு எதிரே நின்றாள். புருஷன் போய் மூன்று வருஷம், பென்ஷன் நின்றுகிடக்கிறது, கோவிலில் நடந்த கல்யாணத்துக்கு ஒரு சாட்சி குறைகிறது. ஆறு முறை திருப்பி அனுப்பப்பட்டவள். அவள் கேட்கவேயில்லை, சும்மா நின்றாள். நான் அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வருஷம் நான் பிறந்திருக்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்தபின்தான் உறைத்தது.